தட்டைப் பார்த்துச் சொன்ன கணக்கு

2025 ஜூலை முதல் வாரத்தில் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு குறிப்பு வெளியிட்டது. ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, பெலாரஸ் ஆகிய மூன்று நாடுகளுக்கு அடுத்தபடியாக உலகில் ஏற்றத்தாழ்வு குறைந்த நாடு இந்தியாதான் என்றது அது. கணக்கு உலக வங்கியுடையது. ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீடு இந்தியாவுக்கு 25.5, அமெரிக்காவுக்கு 41.8. செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. "அப்ப அம்பானியோட ஆன்டிலியாவுல எனக்கும் ஒரு ஃபிளாட் உண்டா?" என்று ஒருவர் கேட்டார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அதற்கு ஒன்றேகால் ஆண்டு முன்னால், 2024 மார்ச்சில், வேறொரு கணக்கு வந்திருந்தது. பாரிஸில் இயங்கும் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்துக்காக நிதின் குமார் பாரதி, தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர் 1922 முதல் 2023 வரையிலான இந்திய வருமானத்தையும் சொத்தையும் அலசியிருந்தார்கள். 2022-23இல் மேல்தட்டு 1 சதவீதத்தின் பங்கு, நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதம், சொத்தில் 40.1 சதவீதம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில்கூட வருமானப் பங்கு இந்த உயரத்துக்குப் போனதில்லை என்பது அவர்கள் முடிவு.

ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே ஆண்டு. ஒரு கணக்கில் உலகின் நாலாவது சமத்துவ நாடு. இன்னொன்றில் உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் ஒன்று. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது சுலபம். ஆனால் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் தட்டைப் பார்த்தார், மற்றவர் பெட்டியைப் பார்த்தார்.

ஜினி என்பது இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912இல் தந்த அளவுகோல். எல்லோருக்கும் ஒரே அளவு கிடைத்தால் 0. எல்லாமே ஒருவரிடம் இருந்தால் 100. எதன் அளவு என்பதை மட்டும் அது தானாகச் சொல்லாது. சாப்பிட்ட சோறா, வாங்கிய சம்பளமா, பேரில் இருக்கும் சொத்தா? எதைப் போட்டாலும் ஒரு எண்ணைத் தந்துவிடும். உலக வங்கியின் 25.5, இந்தியக் குடும்பங்கள் மாதம் எவ்வளவு செலவழிக்கின்றன என்பதை வைத்துப் போட்டது. பட்டியலில் நமக்கு மேலே நிற்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும், கீழே நிற்கும் அமெரிக்காவுக்கும், வருமானத்தை வைத்துப் போட்டது. செலவுக் கணக்கு பொதுவாக வருமானக் கணக்கைவிடச் சமமாகத்தான் தெரியும். மாதம் 12,000 ரூபாய் வருகிறவர் 12,000 ரூபாயையும் செலவழித்து மேலே கொஞ்சம் கடனும் வாங்குகிறார். மாதம் 12 லட்சம் வருகிறவர் அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறார். மீதி பங்குச் சந்தைக்கோ மனைக்கோ போகிறது. கோடீஸ்வரனாலும் ஒரு வேளைக்கு நாலு இட்லிக்குமேல் சாப்பிட முடியாது.

அந்த 25.5 வந்த உலக வங்கியின் குறிப்பிலேயே, தரவுக் குறைபாடுகளால் ஏற்றத்தாழ்வு குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்திய வருமானத்துக்கான ஜினி 2004இல் 52, 2023இல் 62 என்றும் அதே இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. செய்திக் குறிப்பு எழுதியவருக்கு இந்த இரண்டு வரிகளும் வேண்டியிருக்கவில்லை.

இட்லி என்றதும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. நாட்டின் ஒரு வருட வருமானத்தை நூறு இட்லியாகவும், மக்களை நூறு பேராகவும் வைத்துக்கொள்வோம். பாரிஸ் ஆய்வகத்தின் எண்களின்படி முதல் ஆளுக்கு இருபத்திரண்டரை. அடுத்த ஒன்பது பேருக்கு முப்பத்தைந்து. நடுவில் நிற்கும் நாற்பது பேருக்கு இருபத்தேழு சொச்சம். கடைசி ஐம்பது பேருக்குப் பதினைந்து இட்லி. சொத்து என்றால் அந்த ஐம்பது பேருக்கு ஆறரை இட்லிகூட இல்லை. இந்த எண்களை ஏற்காத பொருளாதார அறிஞர்களும் இருக்கிறார்கள். வருமான வரித் தரவையும் கணக்கெடுப்புத் தரவையும் ஒட்டவைத்து, நடுவில் உள்ள இடைவெளியை ஊகத்தால் நிரப்பியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். 2022-23இல் வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்களே சுமார் ஏழரைக் கோடிப் பேர். அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கட்டவேண்டிய வரி பூஜ்யம். விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது. எனவே இருபத்திரண்டரை என்பது இருபதாக இருக்கலாம், இருபத்தைந்தாகவும் இருக்கலாம். ஆனால் அதை நாலாவது சமத்துவ நாட்டின் எண்ணாக மாற்ற எந்த ஊகத்தாலும் முடியாது.

405 பொருள், மூன்று வருகை

செலவுக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது விளங்கும். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கள அலுவலர் 2022-23 கணக்கெடுப்பில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார். ஒரு முறை உணவு, ஒரு முறை மற்ற அன்றாடச் செலவுகளும் சேவைகளும், ஒரு முறை பீரோ, ஃபிரிட்ஜ் போன்று நீடித்து உழைக்கும் பொருள்கள். மொத்தம் 405 பொருள்கள். போன ஏழு நாளில் எத்தனை முட்டை, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு மிளகாய்த்தூள் என்று கேட்க வேண்டும். துவரம் பருப்பு எவ்வளவு என்று கேட்டு, அதில் ரேஷன் கடையில் வாங்கியது எவ்வளவு, மளிகைக் கடையில் வாங்கியது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. தெருவோர வீட்டில் திண்ணையில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் பதில் சொல்வார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் வாட்ச்மேன் இன்டர்காமில் கேட்டுவிட்டு, "சார் மீட்டிங்ல இருக்காராம்" என்பார்.

இந்தச் சிக்கல் புள்ளியியல் துறைக்கும் தெரியும். நகரங்களில் பத்து லட்சத்துக்குமேல் விலையுள்ள கார் வைத்திருக்கும் வீடுகளைத் தனி அடுக்காகப் பிரித்து, அங்கிருந்தும் வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் வந்த முடிவைப் பாருங்கள். 2022-23இல் நகர்ப்புற இந்தியாவின் மேல்தட்டு 5 சதவீதத்தினரின் தலைக்கான மாதச் செலவு சராசரி 20,824 ரூபாய். நாலு பேர் குடும்பத்துக்கு 83,000 சொச்சம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் இரண்டு பேரும் ஐ.டி.யில் இருக்கும் ஒரு குடும்பம், வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், ஸ்விகி என்று இந்தத் தொகையை இருபதாம் தேதிக்குள் தாண்டிவிடும். அவர்களை நாம் நடுத்தர வர்க்கம் என்கிறோம். அவர்களும் தங்களை அப்படித்தான் நினைக்கிறார்கள். நிஜமான மேல்தட்டு இந்தக் கணக்கெடுப்புக்குள் வரவே இல்லை. வந்திருந்தாலும் அவர்கள் வாங்கிப் போட்ட மனையும் பங்குகளும் செலவு என்ற தலைப்பில் ஏறாது.

அடிமட்டத்தைப் பொறுத்தவரை இதே கணக்கெடுப்பு நம்பகமானது. அங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கிராமப்புறத்தின் கடைசி 5 சதவீதத்தினர் தலைக்கு மாதம் 1,373 ரூபாய் செலவழிக்கிறார்கள் என்பது வேதனைதான். ஆனால் 2011-12க்குப் பிறகு செலவில் ஏற்றத்தாழ்வு குறைந்திருக்கிறது என்பதை ஒதுக்கிவிட முடியாது. ரேஷன் அரிசி, கேஸ் இணைப்பு, கழிப்பறை, வங்கிக் கணக்கில் நேரடியாக விழும் பணம் எல்லாம் சேர்ந்து அடித்தளத்தை உயர்த்தியிருக்கின்றன. தமிழ்நாட்டில் இது இன்னும் துலக்கம். சத்து, படிப்பு, வீட்டு வசதி என்று பலவற்றையும் பார்க்கும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2019-21இல் ஏழைகள் இந்தியாவில் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20. எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவு, 1982இன் சத்துணவு, எல்லா அட்டைக்கும் உண்டான ரேஷன், 2022இன் காலைச் சிற்றுண்டி என்று எழுபது ஆண்டு உழைப்பு அந்த எண்ணுக்குள் இருக்கிறது. இலவசம் என்று கேலி பேசுகிறவர்கள் இந்த ஓர் எண்ணை விளக்கிவிட்டுப் பேசலாம்.

நான் மல்லுக்கு நிற்பது வேறொன்றுக்காக. தட்டு நிறைந்துவிட்டது என்பதற்காகப் பங்கு சரியாகிவிட்டது என்று சொல்லக் கூடாது.

மூன்று அணாவா, பதினைந்து அணாவா?

இந்தச் சண்டை புதிதல்ல. 1963 ஆகஸ்டில் மக்களவையில் நேரு அரசின்மீது முதன்முதலாக நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் ஜெயித்து அப்போதுதான் உள்ளே வந்திருந்த சோஷலிஸ்டுத் தலைவர் ராம் மனோகர் லோகியா எழுந்து ஒரு கணக்குச் சொன்னார். நாட்டில் 27 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு அறுபது பேர், நாளொன்றுக்கு மூன்று அணாவில் (பதினாறு அணா ஒரு ரூபாய்) பிழைக்கிறார்கள். பிரதமருக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு 25,000 ரூபாய் என்று அதற்கு முன்பே ஒரு துண்டுப் பிரசுரமும் போட்டிருந்தார். நேரு மறுத்தார், சராசரி வருமானம் பதினைந்து அணா என்றார். திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா ஏழரை அணா என்றார். அணாவுக்குப் பதில் நயா பைசா வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஏழ்மையை மட்டும் அணாவில்தான் எண்ணினார்கள்.

நேருவின் எண் பொய்யல்ல. மொத்த வருமானத்தை மொத்தத் தலைகளால் வகுத்தால் பதினைந்து அணா வந்திருக்கும். லோகியா கேட்டது, கீழே இருக்கும் அறுபது பேரை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டு என்று. அந்தக் கேள்வி அரசுக்குள்ளேயும் இருந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களால் கூடிய வருமானம் யார் கைக்குப் போனது என்று பார்க்க 1960இலேயே மகலனோபிஸ் தலைமையில் ஒரு குழு போட்டிருந்தார்கள். நாட்டில் மாதிரிக் கணக்கெடுப்புக்கு அடித்தளம் போட்டவரே அவர்தான். அரசமைப்புச் சட்டத்திலும் இது ஏறியது. 1978இன் 44ஆவது திருத்தம், வருமான ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசு பாடுபட வேண்டும் என்று 38ஆவது பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தது. வழிகாட்டு நெறி என்பதால் இதற்காக யாரும் நீதிமன்றம் ஏற முடியாது.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது. தொழில் வளரும்போது முதலில் ஏற்றத்தாழ்வு கூடும், பிறகு தானாகக் குறையும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் எழுதினார். இதில் 5 சதவீதம்தான் தரவு, 95 சதவீதம் ஊகம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலை மறந்துவிட்டு, "பொறுங்கள், வளர்ச்சி கீழே வடியும்" என்பதை மட்டும் எல்லா நாட்டு நிதியமைச்சர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

வடிகிறதா? மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே ஒரு தகவல் தருகிறது. 2023-24இல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் கூடியது. அவை தந்த வேலை 1.5 சதவீதம் மட்டுமே கூடியது. லாபம் பதினைந்து ஆண்டு உச்சம். பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் இன்று பத்தில் நாலு தொழிலாளி ஒப்பந்தத்தில் இருக்கிறார். பக்கத்துப் பக்கத்து மெஷின், ஒரே ஷிஃப்ட், ஒரே வேலை. ஒருவரின் அடையாள அட்டை கம்பெனியுடையது, மற்றவருடையது காண்ட்ராக்டருடையது. காண்ட்ராக்டர் ஆளுக்குச் சம்பளம் குறைவு. வருமான ஏற்றத்தாழ்வு உண்டாகும் இடம் அந்த அடையாள அட்டை.

கூலி கேட்டவர்களுக்குக் காலை உணவு

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்துத்தான். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். பலர் பத்து ஆண்டுக்குமேல் அதே தெருக்களைப் பெருக்கியவர்கள். கொரோனா காலத்தில் பூப்போட்டுக் கும்பிட்டோமே, அவர்கள்தான். மாதம் 23,000 ரூபாய் அளவுக்கு வாங்குகிறோம், தனியாரிடம் போனால் 16,000, 17,000க்கு இறங்கிவிடும் என்றார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். யார் வேலையும் போகாது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கிடைக்கும் என்றது மாநகராட்சி. பதின்மூன்று நாள் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

மறுநாள் தமிழக அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு நலத்திட்டங்களை அறிவித்தது. இலவசக் காலை உணவு, 10 லட்சம் ரூபாய் காப்பீடு, பிள்ளைகளுக்கு உதவித்தொகை, வீடு, சுயதொழிலுக்கு மானியக் கடன். ஒவ்வொன்றும் நல்ல திட்டம். விடிகாலை வேலைக்கு வருகிற பெண்ணுக்குச் சுடச்சுட உணவு கிடைப்பதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அவர்கள் கேட்டது அது இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததை அந்த இரண்டு நாள் செய்தித்தாள்களே சொல்லிவிட்டன. தட்டில் போடுவதற்கு நம் அரசுகள், எந்தக் கட்சி ஆண்டாலும், தயங்குவதில்லை. கூலியை உயர்த்தச் சொன்னால்தான் நிதி நிலைமை நினைவுக்கு வருகிறது. காலை உணவைச் செலவுக் கணக்கெடுப்பில் சேர்த்துப் பார்த்தால் ஜினி கொஞ்சம் இறங்கும். சம்பளத்தில் போன ஆறாயிரம் அதில் அவ்வளவாகத் தெரியாது; கடன் வாங்கிச் செலவழித்தாலும் அது செலவுதான்.

கூலி எவ்வளவு சிக்கலான விஷயம் என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிந்ததற்குப் பின்னால் இருந்தது அரைப்படி நெல் கூடுதல் கூலிக்கான சண்டை. அதன் பிறகுதான் கணபதியாப் பிள்ளை ஆணையம் வந்தது, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இன்னொரு சட்டம் 2005இல் வந்தது. நூறு நாள் வேலையைப் பற்றி ஊரில் மிராசுதார்கள் முதல் சிறு விவசாயி வரை ஒரே புகார்: "அது வந்ததுலேருந்து வயலுக்கு ஆளே கிடைக்கல." இந்தப் புகாரைத் திட்டத்தின் தோல்விக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அது வெற்றிக்குச் சான்றாகப் படுகிறது. சொன்ன கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்ல ஒரு மாற்று இருந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குமேல் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை அவர்கள் பலரும் முதல்முறையாகப் பார்த்தது அங்கேதான். சிறு விவசாயியின் கஷ்டமும் பொய்யல்ல. விளைபொருளுக்கு விலை கிடைக்காதவர் கூலியை எங்கிருந்து உயர்த்துவார்? ஆனால் அவருடைய நஷ்டத்தை அவரைவிட ஏழையான ஒரு பெண் சுமந்துதான் ஈடுகட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேறியது. நாள் 125 ஆனது. கூலிச் செலவில் மாநிலங்களின் பங்கும் ஏறியது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம் என்றும் எழுதப்பட்டது. வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற புகாரைத் தில்லி கேட்டுவிட்டது.

மத்திய அரசு சொல்லும் தேசிய அடிமட்டக் கூலி 2019 முதல் நாளொன்றுக்கு 178 ரூபாயிலேயே நின்றது. அதுவும் ஆலோசனைதான், கட்டாயமில்லை. சுமாரான ஒரு ஓட்டலில் ஒரு மதியச் சாப்பாடு, ஒரு காபி, முடிந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அடிமட்டக் கூலிக்குச் சட்டத் தகுதி கொடுத்திருக்கிறது. அந்தத் தொகை என்ன என்பதில்தான் சூட்சுமம்.

பிரேசிலைப் பார்த்தால் இது புரியும். 2003இல் தொடங்கிய போல்சா ஃபமீலியா உதவித்தொகைத் திட்டத்தால் அங்கே ஏற்றத்தாழ்வு குறைந்தது என்று நம் ஊர்க் கருத்தரங்குகளில் சொல்வார்கள். பாதி உண்மை. கூடுதலாக வேலை செய்தது குறைந்தபட்சக் கூலி. பத்தாண்டுகளுக்குமேல் அதை விலைவாசியைவிட வேகமாக உயர்த்தினார்கள். ஓய்வூதியமும் அதோடு கட்டப்பட்டிருந்ததால், கூலி ஏறினால் கிழவர் கிழவிகளின் வரவும் ஏறியது. பிறகு வருமான வரித் தரவு வெளியே வந்தபோது அங்கேயும் அதே கதை: கீழே இடைவெளி குறைந்திருந்தது, உச்சியில் இருந்தவர்களின் பங்கு அசையவே இல்லை.

ஓட்டை வாளியும் மூடிய கிணறும்

உச்சியைத் தொடும் கருவி வரி. நம்மிடம் அது எப்படி இருக்கிறது என்று டீக்கடையில் பார்க்கலாம். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 21 வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மறுநாள் முதல் 5. வரி குறைந்தது நல்லதே. ஆனால் எட்டு வருடமாக, கலவை சுமக்கிற சித்தாளும் அந்தக் கட்டடத்தின் முதலாளியும் ஒரே பிஸ்கட்டுக்கு ஒரே வரி கட்டினார்கள். அதே காலத்தில், 2019 செப்டம்பர் 20ஆம் தேதி, நிறுவனங்களுக்கான வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆக இறங்கியது. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. முதலீடு பெருகும், வேலை பெருகும் என்பது காரணம். லாபம் 22.3, வேலை 1.5 என்ற எண்களை மேலே பார்த்தோம்.

சொத்து விஷயம் இன்னும் வினோதம். இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு 1953 முதல் இந்தியாவில் வரி இருந்தது. உச்சத்தில் 85 சதவீதம். 1985இல் நிதியமைச்சர் வி.பி. சிங் அதை நீக்கினார். வருடத்துக்கு 20 கோடி ரூபாய்தான் தேறுகிறது, வசூலிக்கிற செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார். 1957இல் வந்த செல்வ வரியை 2015இல் அருண் ஜேட்லி நீக்கினார். 2013-14இல் நாடு முழுக்க வசூலானது 1,008 கோடி. இரண்டு முறையும் காரணம் ஒன்றே: காசு வரவில்லை. ஏன் வரவில்லை? பங்குகளுக்குக் கடைசிக் காலத்தில் செல்வ வரியே கிடையாது. நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு ஒன்று, வாங்கும் விலை ஒன்று. சட்டமே விட்ட சந்துகள் ஏராளம். வாளியில் ஓட்டை என்பதற்காகக் கிணற்றையே மூடிவிட்டார்கள்.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். செல்வ வரியை உலகமே கைவிட்டு வருகிறது. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் 1990இல் பன்னிரண்டு நாடுகளில் இருந்தது 2017இல் நாலில்தான் இருந்தது. பணக்காரர்கள் விமானம் ஏறிவிடுவார்கள் என்ற பயம் முழுக்க வெறும் பயமல்ல. ஆனால் வாரிசு வரியின் கதை வேறு. ஜப்பானில் உச்ச விகிதம் 55 சதவீதம், தென் கொரியாவில் 50. சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020இல் இறந்தபோது, 12 லட்சம் கோடி வொன்னுக்குமேல் வரி கட்டப்போவதாகக் குடும்பம் அறிவித்தது, ஐந்தாண்டுத் தவணை. சாம்சங் மூடப்படவில்லை. இந்தியாவில் 2024 தேர்தல் நடுவே காங்கிரஸின் சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றி ஒரு பேட்டியில் பேசினார். உங்கள் பிள்ளைகளுக்கான சொத்தைப் பறிப்பார்கள் என்று ஆளும் தரப்பு கிளம்பியது. அவர் கட்சி அன்றைக்கே அந்தக் கருத்திலிருந்து விலகிக்கொண்டது. ஒண்ணேகால் சென்ட் மனையும் எட்டுப் பவுனும் வைத்திருப்பவர்தான் அதிகம் பதறினார். ஜப்பான், தென் கொரியா வாரிசு வரிகூட அவரைத் தொடாது என்பதை அவருக்குச் சொல்ல எந்தக் கட்சிக்கும் தைரியம் வரவில்லை.

இத்தனை சண்டைக்கும் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது. இந்தியாவில் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று அரசு நேரடியாகக் கேட்டு எடுத்த முழுமையான கணக்கே கிடையாது. 1950களிலும் 60களிலும் முயன்றார்கள். 1983-84இல் மாதிரிக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும், மக்கள் சொன்ன வருமானம் அவர்களே சொன்ன செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக வந்தது. கைவிட்டார்கள். 2026இல் மறுபடியும் தொடங்குவதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். கேள்வித்தாளை முன்கூட்டியே சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இந்தக் கேள்விகள் சங்கடமாக இருக்கின்றன என்றார்கள். கள அலுவலர் இனி முட்டைக் கணக்கோடு சம்பளக் கணக்கும் கேட்டுப் போக வேண்டும். திண்ணை வீட்டில் சொல்லிவிடுவார்கள், கொஞ்சம் குறைத்து. கேட்டில் அதே வாட்ச்மேன் இன்டர்காமை எடுப்பார்.